அனுப்புநர் இடத்தில் யார் பெயரையும் எழுதலாம்

தாடிக்கொம்பு, அகரம், திண்டுக்கல் வட்டாரத்து மில், பூட்டுப் பட்டறை, தோல் தொழிற்சாலை உரிமையாளர்களுக்கும், அந்த அலுவலகங்களில் தினமும் மெயில் திறக்கும் கணக்கர்களுக்கும் ஒரு மடல்.

2007 செப்டம்பரில் அபுதாபியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தமிழருக்கு மெயில் ஒன்று வந்தது. அவருடைய கணக்கு ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் இருந்தது. வங்கியின் வாடிக்கையாளர் சேவை முகவரியிலிருந்து வந்தது போலவே தெரிந்த அந்த மெயில், இணைய வங்கிக் கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. அவர் கொடுத்தார். 6.46 லட்சம் ரூபாய் போய்விட்டது. போய்ச் சேர்ந்த இடமும் அதே வங்கியின் மும்பைக் கணக்கு ஒன்றுதான். அங்கிருந்து பெரும்பகுதியை யாரோ ரொக்கமாக எடுத்துக்கொண்டு போனார்கள். கடவுச்சொல்லை வெளியே கொடுத்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று வங்கி கைவிரித்தது.

வழக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தீர்ப்பளிக்கும் அதிகாரியான தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் வந்தது. 2010 ஏப்ரலில் அவர் கொடுத்த உத்தரவு, வங்கி 12.85 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. அதன் பிறகு நடந்தது சட்டக்காரர்களுக்கு உரியது. தாடிக்கொம்பில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வழக்கில் கிடைப்பது ஒரு கேள்விதான்: வங்கி உண்மையிலேயே அனுப்பும் மெயிலும், வங்கி பெயரில் திருடன் அனுப்பும் மெயிலும் பார்க்க ஒன்றுபோல இருந்தால், வாடிக்கையாளர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்?

இன்று அதே கேள்வியை உங்களிடம் கேட்கலாம். உங்களில் பலருக்கும் கம்பெனி பெயரிலேயே டொமைன் இருக்கிறது. ‘சேல்ஸ்’ என்று ஒரு ஐடி, ‘அக்கவுண்ட்ஸ்’ என்று ஒரு ஐடி. கரூரிலோ திருப்பூரிலோ நூல் வாங்குபவருக்கும், சென்னையில் தோல் வாங்குபவருக்கும் புரோஃபார்மா இன்வாய்ஸ் போவது அதிலிருந்துதான். நாளை காலை ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, அட்வான்ஸைப் புதிய கணக்கில் போடவும்’ என்று அதே ஐடியிலிருந்து வந்தது போல ஒரு மெயில் அவருக்குப் போனால், அதை அவருடைய மெயில் சர்வர் எப்படிக் கண்டுபிடிக்கும்? பதில் சங்கடமானது. உங்கள் டொமைனில் நீங்கள் சில வரிகளை எழுதி வைத்திருந்தால் கண்டுபிடிக்கும். எழுதவில்லை என்றால் ஊகித்துப் பார்க்கும்.

இந்த நிலை ஏன் வந்தது என்பதற்கு மெயில் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்றைக்கும் உலகத்து மெயில் எல்லாம் ஓடுவது எஸ்எம்டிபி என்ற விதிமுறையில். 1982 ஆகஸ்டில் அதை எழுதியவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் போஸ்டல். வேடிக்கை என்னவென்றால், வேண்டாத மெயிலை மறுக்க வழியில்லையே என்று 1975 நவம்பரிலேயே ஒரு சிறு குறிப்பு எழுதிக் கவலைப்பட்டவரும் அவரேதான். 1978 மே 3 அன்று அந்தக் கவலை பலித்தது. டிஇசி என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். குப்பை மெயிலின் முதல் கணக்கு அங்கிருந்துதான் எழுதப்படுகிறது. ஆனாலும் நான்கு வருடம் கழித்து வந்த எஸ்எம்டிபி, அனுப்புபவர் யார் என்று சோதிக்கவில்லை. அன்று வலையில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர்களும் ராணுவ ஆய்வுக்காரர்களும். ஒருவருக்கொருவர் முகம் தெரியும்.

இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டால் விஷயம் விளங்கும். அனுப்பும் சர்வர், வாங்கும் சர்வரின் 25ஆம் எண் போர்ட்டைத் தட்டும். ‘220, தயார்’ என்று பதில் வரும். வந்த சர்வர் ‘ஹலோ’ என்று தன் பெயரைச் சொல்லும். ‘250, சரி.’ அடுத்து ‘மெயில் ஃப்ரம்’ என்று அனுப்புநர் முகவரியைச் சொல்லும். ‘250, சரி.’ பிறகு ‘ஆர்சிபிடி டூ’ என்று பெறுநர் முகவரி. அதற்கும் ‘250, சரி.’ கடைசியில் ‘டேட்டா’ என்றதும், ‘354, சொல், முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வை’ என்று பதில் வரும். கடிதம் முழுவதும் இறங்கும், புள்ளி விழும், ‘250’ என்று சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிற பேச்சு இது.

அந்த ‘மெயில் ஃப்ரம்’ இடத்தில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் முகவரியைச் சொன்னாலும் பழைய விதிப்படி ‘250, சரி’ என்றுதான் பதில் வரும். கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுபவர் சொன்ன ஊரையும் சொன்ன பெயரையும் அப்படியே நோட்டில் ஏற்றுவார். பக்கத்தில் சொந்தபந்தம் தெரிந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் ‘நீங்க யார் வீடு?’ என்று கேள்வி வரும். எஸ்எம்டிபியில் அந்தப் பெரியவருக்கு நாற்காலியே போடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. மேலே சொன்ன ‘மெயில் ஃப்ரம்’ உறையின் மேல் எழுதும் முகவரி. உறைக்குள் இருக்கும் கடிதத்தின் தலையில் ‘ஃப்ரம்’ என்று வேறொரு வரி தனியாக இருக்கும். கணக்கரின் திரையில் தெரிவது இந்த இரண்டாவது முகவரிதான். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எஸ்எம்டிபியில் எந்தக் கட்டாயமும் இல்லை. மோசடிக்காரர்கள் வாழ்வது இந்த இடைவெளியில்.

அனுப்புநரைச் சோதிக்கும் வேலை முதலில் மிக எளிமையாகத்தான் தொடங்கியது. 1998இல் வந்த சென்ட்மெயில் 8.9 என்ற மெயில் சர்வர் மென்பொருள், அனுப்புநர் முகவரியில் உள்ள டொமைன் உலகத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தது. இல்லாத டொமைன் என்றால் மெயிலை வாசலிலேயே திருப்பிவிடும். குப்பை மெயில்காரர்கள் உண்மையான டொமைன் பெயர்களைத் திருடத் தொடங்கினார்கள். கதை முடிந்தது.

அடுத்து ஒரு புத்திசாலித்தனம் வந்தது. மெயில் வந்ததும் வாங்கும் சர்வர் பாதியில் ‘கொஞ்சம் பொறு’ என்று நிறுத்திவிட்டு, அனுப்புநர் டொமைனின் மெயில் சர்வருக்குத் தானே போய்த் தட்டும். ‘உங்களிடம் இந்த முகவரி இருக்கிறதா? இருந்தால் மெயில் வாங்குவீர்களா?’ என்று கேட்கும். ‘250’ என்றால் நம்பும். ‘550’ என்றால் மறுக்கும். கடிதம் எதையும் கொடுக்காமல் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் முதலிய சர்வர் மென்பொருள்களில் இந்தத் திருப்பிக் கேட்கும் வசதி இன்றும் இருக்கிறது. சொந்த சர்வர் வைத்திருக்கும் சில மில்களில், சர்வர் அமைத்துக் கொடுத்தவர் நல்லெண்ணத்தோடு இதைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

இருந்தால் எடுத்துவிடுங்கள். காரணம் இருக்கிறது. திருடன் பொய் முகவரியை விட்டுவிட்டு, உண்மையான ஒருவரின் முகவரியைத் திருடி எழுதினால், ‘இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். சோதனையில் மெயில் தேறிவிடும். அதாவது எந்த மோசடிக்குப் பயப்பட வேண்டுமோ அதற்கே இது உதவாது. அது மட்டுமல்ல. உங்கள் டொமைன் பெயரைப் போட்டு ஒருவன் லட்சம் பேருக்குக் குப்பை அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லட்சம் பேரின் சர்வர்களும் இந்த முறையில் திருப்பிக் கேட்டால், கேள்விகள் எல்லாம் வந்து விழுவது உங்கள் சர்வரின் தலையில். தப்பு செய்தவன் எங்கோ இருப்பான், தூங்காமல் பதில் சொல்வது நீங்கள். இப்படி ஓயாமல் திருப்பிக் கேட்கும் சர்வர்களையே தொல்லை என்று பட்டியலில் சேர்க்கும் தடைப்பட்டியல்களும் உண்டு. அந்தப் பட்டியலில் ஏறினால், அதைப் பார்த்து மறுக்கும் சர்வர்களுக்கு உங்கள் சொந்த மெயில்கள் போகாது. தவிர, ஒரு முகவரி இருக்கிறதா என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி, முகவரி திரட்டுபவர்களுக்குப் பொன்முட்டை. முகவரி இருக்கிறதா என்று கேட்கும் ‘விஆர்எஃப்ஒய்’ என்ற பழைய கட்டளையைப் பெரும்பாலான சர்வர்கள் மூடி வைத்திருப்பது அதனால்தான்.

2003 வாக்கில் வந்த ‘கிரேலிஸ்டிங்’ என்ற முறை இதைவிடச் சாது. முன்பின் தெரியாத அனுப்புநர் வந்தால் ‘451, கொஞ்ச நேரம் கழித்து வா’ என்று சொல்லும். ஒழுங்கான சர்வர் திரும்ப வரும். அவசரத்தில் அள்ளி வீசும் குப்பை மென்பொருள் வராது. அழகான யோசனைதான். ஆனால் வங்கியிலிருந்து மெயிலில் வரும் ஓடிபி, காலாவதியான பிறகு வந்து நிற்கும். ஜிஎஸ்டி கடைசித் தேதியன்று அலுவலகத்தில் என்ன சத்தம் கேட்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேள்வியைத் திருப்பிப் போட்டபோதுதான் சரியான வழி திறந்தது. ‘இந்த முகவரி இருக்கிறதா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வருக்கு உரிமை இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். சிங்கப்பூர்க்காரரான மெங் வெங் வோங் 2003இல் முன்னெடுத்த எஸ்பிஎஃப் இதுதான். 2006 ஏப்ரலில் விதிமுறையாக வெளிவந்தது, 2014 ஏப்ரலில் திருத்தப்பட்டது. டொமைன் உரிமையாளர் தன் டிஎன்எஸ் பதிவில், அதாவது டொமைனைப் பற்றி யாரும் பார்க்கக்கூடிய பொதுக் குறிப்பேட்டில், ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்: எங்கள் பெயரில் மெயில் அனுப்பத் தகுதியுள்ள சர்வர்கள் இவை. வாங்கும் சர்வர், தட்டுகிற சர்வரின் ஐபி எண்ணை அந்த வரியோடு ஒப்பிடும். அனுப்புநரின் மெயில் சர்வரைத் தொந்தரவு செய்யவே வேண்டியதில்லை. டிஎன்எஸ்ஸைப் பார்த்தால் போதும்.

அந்த வரியின் கடைசியில் ‘ஆல்’ என்று ஒரு சொல் வரும். அதற்கு முன்னால் உள்ள குறியைக் கவனியுங்கள். கழித்தல் குறி இருந்தால் ‘பட்டியலில் இல்லாதவர் எல்லாம் போலி, மறுத்துவிடு’ என்று பொருள். அலைக்குறி (~) இருந்தால் ‘சந்தேகம், ஆனாலும் வாங்கிக்கொள்’. கூட்டல் குறியும் போடலாம். அது உலகத்தில் உள்ள எல்லோரும் என் பெயரில் அனுப்பலாம் என்று எழுதிக் கொடுப்பது. மெயில் போகவில்லை என்ற எரிச்சலில் யாராவது இப்படிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

எஸ்பிஎஃப் சோதிப்பது உறையின் மேல் உள்ள முகவரியை மட்டும். உள்ளே கடிதத்தில் இருக்கும் ‘ஃப்ரம்’ வரியை அது பார்க்காது. அதோடு, ஒருவர் தனக்கு வரும் மெயிலை வேறு ஐடிக்குத் தானாகத் திருப்பிவிட்டிருந்தால், கடைசியில் கொண்டுவந்து கொடுப்பது வேறு சர்வர் என்பதால் நல்ல மெயிலும் தோற்கும். இதற்குத் துணையாக வந்ததுதான் டிகிம். யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியாகச் செய்தவற்றை இணைத்து 2007இல் வெளியிட்டார்கள். அனுப்பும் சர்வர் தன்னிடம் உள்ள ரகசியச் சாவியால் கடிதத்தில் ஒரு மின்கையெழுத்துப் போடும். அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும். கையெழுத்துக்கு உட்பட்ட பகுதியில் நடுவழியில் கணக்கு எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது.

2012இல் அறிவிக்கப்பட்டு 2015 மார்ச்சில் ஆவணமாக வந்த டிமார்க், இந்த இரண்டையும் திரையில் தெரியும் ‘ஃப்ரம்’ வரியோடு முடிச்சுப் போட்டது. எஸ்பிஎஃப் அல்லது டிகிம் தேறினால் மட்டும் போதாது; தேறிய டொமைனும் கணக்கரின் கண்ணில் படும் டொமைனும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் டொமைன்காரரே சொல்லி வைக்கலாம்: விட்டுவிடு, ஸ்பேமில் போடு, அல்லது வாசலிலேயே மறு. 2007இல் தூத்துக்குடிக் கணக்குக்காரருக்கு வந்ததைப் போல வங்கியின் முகவரியையே அச்சாகப் போட்டுவரும் மெயிலுக்கு நேரான மருந்து இது.

நீண்ட காலம் இதை விருப்பமுள்ளவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் கையில் பிரம்பை எடுத்தன. ஜிமெயில் ஐடிகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் கட்டாயம். ‘ஸ்பேம்’ என்று பெறுநர்கள் புகார் செய்யும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் அவுட்லுக்கில் இதே வழிக்கு வந்தது. ‘நாங்கள் நாளுக்கு ஐம்பது மெயில்தானே அனுப்புகிறோம்’ என்று நிம்மதி அடைய வேண்டாம். சிறிய அனுப்புநர்களும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. தீபாவளி ஆர்டருக்கு அனுப்பிய கொட்டேஷன் வாங்குபவரின் ஸ்பேம் பெட்டியில் கிடந்து மட்கிப்போவதற்கு, விலையோ சரக்கோ காரணமாக இல்லாமல் இந்த ஒரு வரி காரணமாக இருக்கலாம்.

இவ்வளவும் செய்தால் மோசடி நின்றுவிடுமா? இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் விளம்பரத் துண்டறிக்கை ஆகிவிடும்.

2015இல் பொதுத்துறை நிறுவனமான ஓஎன்ஜிசி, சவுதியின் அராம்கோவுக்கு நாஃப்தா விற்றது. பணம் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. விசாரித்தால், ‘புதிய கணக்கில் போடச் சொன்னீர்களே, போட்டுவிட்டோமே’ என்கிற நிலை. ஓஎன்ஜிசி அதிகாரியின் முகவரியைப் போலவே ஒரு முகவரியிலிருந்து அராம்கோவுக்கு மெயில் போயிருந்தது. டொமைனில் ‘என்’, ‘ஜி’ என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இடம் மாறியிருந்தன: ஓஎன்ஜிசி என்பது ஓஜிஎன்சி ஆகியிருந்தது. சுமார் 197 கோடி ரூபாய் என்று அப்போது செய்தி வந்தது; மும்பையில் வழக்குப் பதிவானது.

இப்படி இடம் மாறிய எழுத்துள்ள டொமைனை எவரும் சில நூறு ரூபாய்க்குச் சொந்தமாக வாங்கலாம். வாங்கியவர் அதற்கு எஸ்பிஎஃப் எழுதலாம், டிகிம் போடலாம், டிமார்க்கும் வைக்கலாம். மூன்றும் பச்சை விளக்குக் காட்டும். மெயில் அந்த டொமைனிலிருந்து வந்ததா என்பதைத்தான் சர்வர் உறுதி செய்யும். அந்த டொமைன்காரர் நல்லவரா என்பதை அது சொல்லாது. கைபேசியில் நிலைமை இன்னும் மோசம். முகவரி தெரியாது, ‘எம்.டி. சார்’ என்று பெயர் மட்டும் தெரியும். அந்தப் பெயரை எந்த ஜிமெயில் கணக்குக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பெரிய நிறுவனங்களில் ஆள் அதிகம், படிப்பு அதிகம், ஏமாற மாட்டார்கள் என்று நினைக்கவும் வழியில்லை. 2013 முதல் 2015 வரை லிதுவேனியாக்காரர் ஒருவர், தைவானின் க்வாண்டா நிறுவனத்தின் பெயரில் போலி இன்வாய்ஸ்களை அனுப்பி கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமும் 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2019 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு ஐந்து ஆண்டு சிறை விதித்தது. மெயில் வடிகட்டியை உலகத்துக்கே விற்கும் கூகுள் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்கவும்.

வங்கிகள் விஷயத்தில் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. இந்திய வங்கிகளுக்கு மட்டுமென்று ‘பேங்க் புள்ளி இன்’ என்று முடியும் டொமைனை 2025 பிப்ரவரியில் அறிவித்து, 2025 அக்டோபர் 31க்குள் மாறச் சொன்னது. அதைப் பதிவு செய்து கொடுப்பது ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் மட்டும். கடையில் போய் யாரும் வாங்க முடியாது. ஆனால் வங்கிப் பெயருக்கும் ‘பேங்க்’ என்ற சொல்லுக்கும் நடுவே இருப்பது புள்ளியா, சிறு கோடா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். புள்ளி இருந்தால் அது ஐடிஆர்பிடி கொடுத்தது. கோடு இருந்தால் யாரோ காசு கொடுத்து வாங்கிய சாதாரண ‘இன்’ டொமைன்.

கைபேசிக் குறுஞ்செய்தியில் நம் நாடு இதைவிடக் கண்டிப்பானது. 2018இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிப்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்புபவர் தன் பெயரை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மெயிலுக்கு அப்படி ஒரு காவல்காரர் இல்லை. அனுப்புநரைப் பற்றி ஏமாற்றும் மெயிலை நேரடியாகக் குற்றம் என்று சொன்ன ஒரு வரி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் இருந்தது. பேச்சுரிமையைப் பறிப்பதாக அந்தப் பிரிவு முழுவதையும் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ரத்தானது சரிதான், முகநூலில் கருத்து எழுதியவர்களைப் பிடித்து உள்ளே போட அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த வரியும் கூடவே போய்விட்டது. இப்போது ஆள்மாறாட்ட மோசடிக்கான 66டி பிரிவு இருக்கிறது: மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதுவும் ஏமாற்றியவனைப் பிடித்த பிறகு.

டொமைன் பெயர் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் நிறுவனமே உதாரணம். சென்னையிலும் தென்காசியிலும் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் ஜோஹோவின் டொமைனை 2018 செப்டம்பர் 24 அன்று அதன் பதிவாளர் நிறுவனமே முடக்கிவிட்டது. ஜோஹோ மெயில் வழியாக மோசடி மெயில் போகிறது என்று வந்த புகார்கள்தான் காரணம். வந்தவை மூன்று, அவற்றில் இரண்டில் நடவடிக்கை எடுத்தாயிற்று, ஒன்று விசாரணையில் இருக்கிறது என்றது ஜோஹோ. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வந்து பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியிருந்தது. கோடிக்கணக்கான பயனர்களின் அலுவலக வேலை மணிக்கணக்கில் நின்றது. பிறகு டொமைனை கிளவுட்ஃப்ளேர் என்ற நிறுவனத்துக்கு மாற்றினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. குடகனாற்றங்கரையில் இருக்கும் ஒரு மில்லின் டொமைன் தடைப்பட்டியலில் ஏறினால் ட்விட்டரில் யார் கேட்கப்போகிறார்கள்?

ஆகவே உரிமையாளர்களே, முதலில் உங்கள் டொமைனின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். வெப்சைட் செய்துகொடுத்த தம்பியின் ஜிமெயிலில்தான் பல டொமைன்கள் பதிவாகியிருக்கும். அவர் இப்போது கோயம்புத்தூரிலோ துபாயிலோ இருப்பார். ரெனிவல் நினைவூட்டலும் அவருக்குத்தான் போகும். அதை உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகுதான் மற்ற வேலை.

பிறகு, உங்கள் பெயரில் மெயில் அனுப்புபவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அலுவலக மெயில் எல்லோருக்கும் நினைவு வரும். வெப்சைட்டில் உள்ள விசாரணைப் படிவம், பில் போடும் மென்பொருள், வாழ்த்து அனுப்ப வாங்கிய மொத்த மெயில் சேவை ஆகியவை நினைவு வராது. அத்தனையும் ஒரே எஸ்பிஎஃப் வரிக்குள் வர வேண்டும். புதிய சேவை வாங்கும்போதெல்லாம் இரண்டாவதாக ஒரு எஸ்பிஎஃப் வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு இரண்டு வரி இருந்தால் இரண்டுமே செல்லாது. அந்த ஒரு வரியும் பத்து டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் போகக் கூடாது. டிகிம் சாவியை மெயில் சேவையின் அட்மின் பக்கத்தில் உருவாக்கி, டிஎன்எஸ்ஸில் ஒட்ட வேண்டும். காசு கட்டி மெயில் சேவை வாங்கியதாலேயே அது உங்கள் டொமைன் பெயரில் தானாக நடந்துவிடாது.

டிமார்க்கை எடுத்த எடுப்பில் ‘மறு’ என்று போட்டுவிட்டால், மறந்துபோன பில் மென்பொருளின் மெயில்கள் எல்லாம் அன்றே நின்றுவிடும். முதலில் ‘விட்டுவிடு, ஆனால் அறிக்கை அனுப்பு’ என்று வையுங்கள். கூகுளும் மற்றவர்களும் உங்கள் பெயரில் எந்த ஐபி எண்ணிலிருந்து எத்தனை மெயில் வந்தது, தேறியதா என்று அறிக்கை அனுப்புவார்கள். சில வாரம் அதைப் பார்த்துவிட்டு ‘ஸ்பேம்’, பிறகு ‘மறு’ என்று இறுக்கலாம். மெயிலுக்கே பயன்படுத்தாமல் சும்மா வாங்கிப் போட்ட டொமைன் இருந்தால், அதற்கு ‘யாருக்கும் அனுமதி இல்லை’ என்று கழித்தல் குறியோடு எஸ்பிஎஃப் எழுதிவிடுங்கள். திருடர்களுக்குப் பூட்டிய வீட்டைவிட ஆளில்லாத வீடு பிடிக்கும்.

கணக்கர்களுக்கு இரண்டே விஷயம். ஸ்பேமில் விழுகிறது என்பதற்காக உங்கள் சொந்த டொமைனை நம்பகமான பட்டியலில் போட்டு வைக்காதீர்கள், எம்.டி. பெயரில் வரும் போலி மெயிலுக்கு அதுதான் ராஜபாட்டை. சந்தேகமான மெயிலைக் கைபேசியில் ஆராய வேண்டாம். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளியில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தட்டினால், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் தேறியதா இல்லையா என்று மேலேயே எழுதியிருக்கும். மூன்றும் தேறியிருந்தாலும், வங்கிக் கணக்கு மாற்றம் என்று வந்தால் உங்களிடம் முன்பே உள்ள எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். மெயிலின் கீழே உள்ள எண்ணைத் தொடாதீர்கள். பணம் போய்விட்டது என்றால் அன்றைக்கே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். மறுநாள் எம்.டி. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் அதற்குள் பணம் நான்கு கணக்கு தாண்டியிருக்கும்.

கம்பெனி டொமைன் இல்லாமல் ஜிமெயில் ஐடியிலேயே தொழில் நடத்தும் பட்டறைக்காரர்களுக்கு மேலே சொன்ன டிஎன்எஸ் வேலை எதுவும் கிடையாது, கூகுள் பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு எச்சரிக்கை. வெப்சைட் படிவமோ பில் மென்பொருளோ உங்கள் ஜிமெயில் முகவரியை ‘ஃப்ரம்’ இடத்தில் போட்டு வேறு சர்வரிலிருந்து அனுப்பினால், அது போலி போலவே தெரியும்.

கடைசியாக, திரும்பி வரும் மெயில்கள். ‘டெலிவரி ஃபெயில்’ என்று வந்தால் அழித்துவிடுவதுதான் அலுவலகங்களின் வழக்கம். அதில் நடுவில் 550 என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். ஜிமெயிலிலிருந்து வந்தது என்றால், 550 5.7.26 என்பது உங்கள் டொமைன் சோதனையில் தேறவில்லை என்று பொருள், 5.1.1 என்றால் நீங்கள் எழுதிய முகவரியே அங்கே இல்லை. முதலாவது வந்தால் அந்த வரியை முழுவதுமாக நகலெடுத்து, டொமைனைப் பார்த்துக்கொள்பவருக்கு அன்றே அனுப்புங்கள். இரண்டாவது வந்தால் முகவரியை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.